அச்சு வரிசையும் அதன் காவலரும்

கோயிலுக்குச் செல்வோர் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர். விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவரை எவரும் நோக்குவதில்லை. விளக்கு அணைந்த அன்றுதான் அவர் நினைவு வரும். கணிப்பொறியின் வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. புதியன படைத்தோர் பெயர் நாடெங்கும் ஒலிக்கின்றது. படைக்கப்பட்டவை பழுதின்றி நடைபெறப் பாடுபட்டோர் பெயரைச் சொல்வார் சிலரே. யூனிக்ஸ் என்னும் இயக்க முறையில் அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தி நடத்தும் ஏற்பாட்டின் வரலாற்றையும், அதன் வழுக்களைக் களைந்து அதனைக் காத்து வருவோரின் தொண்டையும் ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

வரிசை தோன்றிய காரணம்

கணிப்பொறி விரைவுடையது, அச்சுப்பொறியோ அதனை நோக்க மிக மெதுவானது. 1959-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்னும் கணிப்பொறியையும், அதனுடன் இணையும் 1403 என்னும் வரி அச்சுப்பொறியையும் வெளியிட்டது. நிமிடத்திற்கு 600 வரிகளை அடித்துத் தள்ளிய அவ்வச்சுப்பொறி அந்நாளில் வியப்புக்குரியதாக விளங்கியது. 1960-களில் நம் இந்திய இரயில்வேயிலும் 1401 பொறிகள் நிறுவப்பட்டுச் சம்பளப் பட்டியல் முதலியன அவற்றில் ஆயத்தமாயின. ஆயினும், 600 வரி என்னும் விரைவும் கணிப்பொறிக்கு ஆமை நடையே. ஒவ்வொரு வரியும் தாளில் ஏறும்வரை கணிப்பொறி கைகட்டி நிற்குமாயின், பெரும் பொருட்செலவில் வாங்கிய பொறியின் பொழுது வீணாகும். ஆதலின், அச்சிட வேண்டியதை முதலில் காந்த நாடாவிலோ வட்டிலோ எழுதி வைத்துவிட்டு, அச்சுப்பொறி தன் நடைக்கேற்பப் பின்னர் அதனைப் பெற்றுக்கொள்ளுமாறு செய்தனர். இம்முறை ஸ்பூல் எனப் பெயர் பெற்றது.

இதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்துங்கால், ஒருவர் வரிக்கிடையே மற்றொருவர் வரி புகுந்தால் இருவர் தாளும் பயனற்றுப் போகும். ஒற்றைத் தடப் பகுதியில் டோக்கன் பெறாமல் எந்த வண்டியும் புறப்படலாகாது என்னும் விதியை இரயில்வேயில் பணிபுரிவோர் அறிவர். அதே விதி அச்சுப்பொறிக்கும் வேண்டியதாயிற்று.

யூனிக்ஸில் ஒரு பூதம்

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. 1971-இல் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவினர் தம் விண்ணப்பங்களை அழகுறத் தட்டெழுதிக்கொள்ள அதனை ஏற்றனர். எனவே, எழுத்தைத் தாளில் ஏற்றும் பணி யூனிக்ஸின் இளமைப் பருவத்திலேயே அதனொடு சேர்ந்து வளர்ந்தது எனலாம்.

1975-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் எல்.பி.டி. என்னும் நிரல் காணப்படுகின்றது. எவரும் அழையாதபோதும் விழித்திருந்து பணி செய்யும் இத்தகைய நிரலை ‘டீமன்’ என்பர். சதுக்கத்தில் நின்று காவல் புரிந்த பூதத்தை அறிந்த நாம் இதனையும் பூதம் என்றே வழங்குவோம்.

1983-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வந்த 4.2 பி.எஸ்.டி. பதிப்பில் இவ்வேற்பாடு விரிவடைந்தது. அதன் கையேட்டை எழுதியவர் ரால்ஃப் காம்ப்பெல். அதன் நடைமுறை எளியது. எல்.பி.ஆர். என்னும் ஆணை, அச்சிட வேண்டிய கோப்பை வரிசைக் கிடங்கில் வைக்கின்றது. யாருடையது, எவ்வாறு அச்சிடத் தக்கது என்னும் குறிப்பைத் தனித் தாளாக உடன் வைக்கின்றது. பின்னர்ப் பூதத்தைத் தட்டி எழுப்புகின்றது. பூதம் பூட்டுக் கோப்பு ஒன்றைக் கைக்கொண்டு, குறிப்புகளை முறைப்படி படித்து, ஒவ்வொன்றாக அச்சுப்பொறிக்கு அனுப்புகின்றது. அப்பூட்டுக் கோப்பே நாம் மேலே கூறிய டோக்கன். வரிசையைக் காண ஓர் ஆணை, விலக்கிக்கொள்ள ஓர் ஆணை, மேற்பார்வையாளர்க்கு ஓர் ஆணை என மூன்றும் உடன் அமைந்தன. அயலூர்ப் பொறியின் அச்சுப்பொறிக்கும் பணியை அனுப்ப வழி பிறந்தது. இந்நடைமுறையே 1990-ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 1179 என்னும் ஆவணமாகப் பதிவு செய்யப்பெற்றது.

மறுக்கப்பட்ட மூலம்

இக்காலத்தை ஒட்டி, யூனிக்ஸுக்குப் புறம்பான வேறோர் இயக்க முறையில் நிகழ்ந்த ஒரு செய்தியையும் இங்குக் கூறுதல் வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடமொன்றில் ரிச்சர்டு ஸ்டால்மன் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர் அனைவர்க்கும் செய்தி செல்லுமாறு அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980 அளவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி அங்கு வந்தது. அதன் மூல நிரல் உடன் வரவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லை என ஒப்பந்தம் செய்துள்ளதாகக் கூறி மறுத்தனர். 1983-இல் ஸ்டால்மன் ஜி.என்.யூ. திட்டத்தை அறிவித்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு தூண்டுகோல். பழுதைக் கண்டவன் கையில் மூலம் இல்லையேல், அவன் அறிவாற்றல் அனைத்தும் பூட்டிய கதவின்முன் நிற்கும் என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

வழுவும் வழு களைதலும்

வழாநிலை, வழு, வழுவமைதி எனப் பிரித்துணர்வது நம் இலக்கண மரபு. நிரலில் நேரும் குற்றத்தையும் இன்று வழு என்றே தமிழில் வழங்குகின்றோம். அச்சு வரிசையில் தோன்றிய வழுக்களுள் மூன்றை மட்டும் காண்போம்.

முதலாவது, எண் தீர்ந்த வழு. எல்.பி.ஆர். ஒவ்வொரு பணிக்கும் மூன்று இலக்க எண் இட்டது. 999-க்குப் பின் மீண்டும் 000. பெரிய கோப்புகளைப் படியெடுத்தால் வட்டில் இடம் போதாது என்பதால், கோப்புக்கு மாற்றாக அதன் இருப்பிடத்தைச் சுட்டும் இணைப்பை மட்டும் வரிசையில் வைக்கவும் இடம் தந்திருந்தனர். தீயோன் ஒருவன் தான் தொடக்கூடாத கோப்பைச் சுட்டும் இணைப்பை வரிசையில் வைத்துவிட்டு, ஆயிரம் பணிகளைத் தொடர்ந்து அனுப்பினால், எண் சுற்றி வந்து பழைய பெயரிலேயே நிற்கும். தலைமை அதிகாரத்துடன் இயங்கும் எல்.பி.ஆர்., அப்பெயர் முன்னரே வழக்கிலுள்ளது என்பதை நோக்காமல் அதில் எழுத, அவ்வெழுத்து இணைப்பின் வழியே சென்று காவற்கோப்பை அழித்துவிடும். 1990-களின் முற்பகுதியில் இது வெளிப்பட்டது. அப்பெயரில் கோப்பு இருப்பின் திறத்தலாகாது என்னும் நிபந்தனையே இதற்குரிய மருந்து. இரசீதுப் புத்தகம் கையாளும் எழுத்தர் எவரும் சீட்டு எண்ணொடு புத்தக எண்ணையும் எழுதுவது ஏன் என்பதை இவ்வழு நன்கு விளக்குகின்றது.

இரண்டாவது, விண்ணப்பத்தை ஆணையாகக் கொண்ட வழு. பழைய ஏற்பாட்டைச் சீர்செய்யப் பாட்ரிக் பவல் என்பார் எல்.பி.ஆர்.என்.ஜி. என்னும் புதிய நிரலை இயற்றினார். பிழைச் செய்திகளை அது பதிவேட்டில் எழுதும்போது, புறத்தார் அனுப்பிய சொற்களை எழுதத்தக்க செய்தியாகக் கொள்ளாமல், எழுதும் முறையை வகுக்கும் கட்டளையாகவே கொண்டுவிட்டது. மனுவில் உள்ள வாசகத்தை மேலதிகாரியின் உத்தரவென்று மயங்கிச் செயற்படும் எழுத்தரை ஒத்தது இது. 2000-ஆம் ஆண்டிலேயே இவ்வழு கண்டறியப்பட்டுத் திருத்தமும் வெளியிடப்பட்டது. திருத்தம் சில எழுத்துகளே. எனினும் பலர் அதனைத் தம் பொறியில் ஏற்றவில்லை. 2001 சனவரியில் ராமென் என்னும் புழு நிரல் ரெட் ஹாட் லினக்ஸ் பொறிகளுள் புகுந்து பரவியபோது, அது பயன்படுத்திய வாயில்களுள் இவ்வழுவும் ஒன்று. மருந்து கண்டால் மட்டும் போதாது, உண்ணவும் வேண்டும்.

மூன்றாவது, செவ்வாய்க்கிழமை வழு. செவ்வாய் வெறுவாய் என்பது நம் ஊர் வழக்கு. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் உபுண்டு லினக்ஸைப் பயன்படுத்திய அன்பர் ஒருவரின் மனைவியார், ஓபன் ஆபிஸ் நிரலிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சு வருவதில்லை என முறையிட்டார். கேட்போர் நகைக்கத்தக்க முறையீடு. ஆயினும் ஆய்ந்து பார்த்தபோது அது மெய்யென்று கண்டனர். கோப்பு எவ்வகையது எனக் கண்டறியும் ‘ஃபைல்’ என்னும் சிறு ஆணையின் அடையாளப் பட்டியலில், எர்லாங் என்னும் மொழிக்குரிய கோப்பின் அடையாளமாக ஒரு நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தன. அது செவ்வாய்க்கிழமை. சொற்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைச் சரிவரக் குறிக்காமையால், செவ்வாயைக் குறிக்கும் முதல் மூன்று எழுத்துகளே அடையாளமாக எஞ்சின. அன்று உருவான அச்சுக் கோப்பில் அக்கிழமையின் பெயர் வரவே, அச்சுக்குரியதன்று என அது தவறாக வகைப்படுத்தப்பட்டது. குற்றம் அச்சுப்பொறியிலும் இல்லை, ஓபன் ஆபிஸிலும் இல்லை, வரிசையிலும் இல்லை. எங்கோ கிடந்த பட்டியலின் ஒரு வரியில் இருந்தது. அந்த அம்மையாரின் சொல்லை எவரும் செவிமடுக்காதிருந்தால் அது மேலும் நெடுங்காலம் மறைந்தே கிடந்திருக்கும்.

இன்றைய காவலர்

1997-இல் மைக்கேல் ஸ்வீட் என்பார் கப்ஸ் என்னும் அச்சு ஏற்பாட்டை இயற்றத் தொடங்கி, 1999-இல் வெளியிட்டார். ஆப்பிள் நிறுவனம் 2002-இல் அதனைத் தன் இயக்க முறையில் ஏற்றது; 2007-இல் அதன் உரிமையையும் வாங்கி, அவரையும் பணியில் அமர்த்திக்கொண்டது. 2019-இன் இறுதியில் அவர் அங்கிருந்து விலகினார். மூல நிரல் வெளிப்படையாக இருந்தமையால் பணி நின்றுபோகவில்லை. 2020 முதல் ஓபன்பிரிண்டிங் என்னும் குழுவினர் அதனைத் தனியே பேணத் தொடங்கினர். டில் காம்ப்பேட்டர் என்பார் அக்குழுவின் தலைவராக நெடுங்காலம் தொண்டாற்றி வந்தவர்.

2024 செப்டம்பரில் சிமோனே மார்கரித்தெல்லி என்னும் ஆய்வாளர், கப்ஸுடன் இயங்கும் துணை நிரலொன்றில் பெருங்குறை இருப்பதை வெளியிட்டார். அருகிலுள்ள அச்சுப்பொறிகளைத் தேடும் அந்நிரல், வலையில் எவர் அனுப்பிய செய்தியையும் ஆராயாமல் நம்பியது. பொய்யான அச்சுப்பொறி ஒன்றை அதன் வழியே புகுத்தி, அதற்கு எவரேனும் அச்சுப் பணி அனுப்புங்கால் தீய ஆணையை நிறைவேற்றக்கூடும். செய்தி உலகெங்கும் பரவியது. திருத்தங்களும் விரைந்து வந்தன. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஏற்பாட்டினை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே காத்து வருகின்றனர் என்பதையும் அப்போதுதான் பலர் அறிந்தனர்.

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? அச்சு வரிசை அரை நூற்றாண்டாக நின்று நிலவுவதற்கு அதனைப் படைத்தவரின் நுண்ணறிவு மட்டும் காரணமன்று. முறையீட்டைச் செவிமடுத்தவர், மூலத்தைத் திறந்து காட்டியவர், பிழையைத் திருத்தியவர், திருத்தத்தை ஏற்றவர் ஆகிய நால்வரும் சேர்ந்தே அதனைக் காத்தனர். இவருள் ஒருவர் தவறினும் வரிசை நிற்கும்.

நம் இளைஞருள் கணிப்பொறி கற்போர் பலர். அவர்கள் புதியன படைக்கட்டும், வாழ்த்துவோம். அத்துடன், பழுது கண்டபோது அதனை நாளும் நேரமும் குறித்துத் தெளிவாக எழுதி, உரியவர்க்கு அனுப்பும் பழக்கத்தையும் மேற்கொள்வாராக. கப்ஸின் மூலம் எவரும் படிக்கத் திறந்தே இருக்கின்றது. அதனைக் காக்கும் சிலருடன் நம்மவர் ஓரிருவர் சேர்ந்தாலும் அது பெருந்தொண்டே ஆகும்.