கூட்டு ரோபோக்களுக்கான பரவல் கட்டுப்பாட்டு வடிவமைப்பு

ஒரே பணியைப் பகிர்ந்து செய்யும் ரோபோக்கள் ஒவ்வொன்றுக்குமான கட்டுப்பாட்டு நிரலை, தர்க்கத்தில் எழுதிய நிபந்தனைகளிலிருந்தே கணினியால் உருவாக்கும் முறை. 'குறுகிய வழியில் இரண்டு ரோபோக்கள் ஒருசேர நுழையக் கூடாது. காத்திருப்பது எதுவும் என்றாவது உள்ளே போயே தீர வேண்டும்' என்பன போன்றவை அந்நிபந்தனைகள். எல்லாம் அசையாமல் நின்றாலே முதலாவது நிறைவேறிவிடும். எனவே இரண்டாவது இன்றியமையாதது. இவற்றை எழுத உதவும் காலத் தர்க்கத்தை 1977இல் நிரல் சரிபார்ப்புக்குக் கொண்டுவந்தவர் இஸ்ரேலிய அறிஞர் அமீர் ப்னூலி (டூரிங் விருது, 1996).

ஒவ்வொரு ரோபோவும் தன் சுற்றுப்புறத்தை மட்டுமே அறியும் என்பதே பெருஞ்சிக்கல். எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும் தீர்வுவழி இருக்கவே முடியாது என்று 1990இல் ப்னூலியும் ரோஸ்னர் என்ற ஆய்வாளரும் நிறுவினர். இத்துறையின் முக்கியமான முடிவுகளுள் இதுவும் ஒன்று. தகவல் ஒரே திசையில் செல்லும் வரிசை அமைப்புகளுக்குத் தீர்வு உண்டு. ஆனால் அதற்கான கணக்கீடு மிகப் பெரிது.