அவுரி வியாபாரியின் பென்சில்



1808-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து ஏர் என்னும் ஊரிலே பிறந்து, இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து, அவுரிச் சாயத் தொழிலில் பொருளீட்டியவர் ஜேம்ஸ் பெர்குசன். அவர் ஓவியரும் அல்லர், சிற்பியும் அல்லர், கட்டடக் கலையை முறையாகப் பயின்றவரும் அல்லர். பிரயாணத்தின்போது படம் வரைவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கிலிருந்தே, இந்தியா முழுவதையும் தழுவிய முதற் கட்டடக்கலை வரலாறு 1876-ஆம் ஆண்டில் பிறந்தது.

சுமார் பத்தாண்டுகளில் போதிய செல்வம் சேர்ந்துவிடவே, அவர் ஊர் சுற்றத் தொடங்கினார். 1835 முதல் 1842 வரை அவர் செய்த யாத்திரைகளே முக்கியமானவை. அப்போது இந்நாட்டில் பயணிகள் ரயில் கிடையாது. புகைப்படக் கலையோ 1839-ஆம் ஆண்டில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் கையிலிருந்தது 'காமிரா லூசிடா' என்னும் சிறு கருவி. ஒரு காம்பின் நுனியில் பொருத்திய பட்டைக் கண்ணாடி, அவ்வளவுதான். அதன் விளிம்பின் வழியே குனிந்து நோக்கினால், எதிரேயுள்ள கோபுரம் காகிதத்தின்மேல் படிந்திருப்பதுபோலத் தோன்றும். பென்சிலால் அதன்மேல் கோடிட வேண்டியதுதான்.

அப்படியானால் வரைந்தது கண்ணாடிதானே என்று நீங்கள் கேட்கலாம். அன்று, கண்ணாடி தோற்றத்தைக் காட்டும், கோடிடுவது மனிதன் கைதான். தளங்கள் எத்தனை, கொடுங்கை எங்கே வளைகிறது, தூணின் தலைப்பு எப்படி விரிகிறது என்று பார்த்துத் தீர்மானித்தாலன்றிப் பென்சில் நகராது. இவ்வாறு வரைந்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பெர்குசன், கட்டடங்களுக்குள்ளும் குடும்பச் சாயல் உண்டு என்று கண்டார். வடநாட்டுப் பாணி வேறு, திராவிடப் பாணி வேறு என வகுத்தார்.

1839-ஆம் ஆண்டில் அவர் அஜந்தாவைக் கண்டார். குகை ஓவியங்கள் உதிர்ந்து அழிந்துவருவதை 1843-இல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தில் எடுத்துரைத்தார். கழகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டது. அதன் பயனாகச் சென்னைப் படையைச் சேர்ந்த காப்டன் ராபர்ட் கில் என்பவர் அவ்வோவியங்களைப் பிரதி செய்ய அனுப்பப்பட்டார். ஆண்டுக்கணக்கில் அவர் உழைத்து எழுதிய பிரதிகளிற் பெரும்பாலானவை, 1866-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் நேர்ந்த தீவிபத்தில் சாம்பலாயின. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

பெர்குசனிடம் குறைகளும் உண்டு. பிறர் வரைந்த படங்களைக் கொண்டு, ஜெருசலேம் நகரத்துப் பாறைக் குவிமாடம் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் எழுப்பியது என்று 1847-இல் அவர் வாதித்தார். அது ஏழாம் நூற்றாண்டில் கலீபா அப்துல் மலிக் எழுப்பியது. வங்காள அறிஞர் ராஜேந்திரலால் மித்திரர் தம் கருத்துகளை மறுத்தபோது, 1884-இல் அவர் எழுதிய பதில் நூலோ வாதத்தோடு நிற்கவில்லை. மித்திரரின் இனத்தையே இகழ்ந்தது. கட்டடத்தின் எதிரே பல மணி நேரம் பணிவோடு அமர்ந்த அதே மனிதர்தாம் இவ்வாறு எழுதினார் என்பதை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை.

1848-இல் அவர் வெளியிட்ட படநூலில் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் உள. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், அதே ரதங்களின் முன்னே மாணவர்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். பலர் கால்மணி நேரத்தில் எழுந்துவிட்டனர். கணக்கில் எப்போதும் பின்தங்கும் பையன் ஒருவன் மட்டும் எழவில்லை. சகாதேவ ரதத்தையும் அதன் அருகே நிற்கும் கல் யானையையும் வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்துகொண்டிருந்தான். பிறகு தாளை என்னிடம் நீட்டி, "ஐயா, ரதத்தின் பின்புறமும் யானையின் பின்புறமும் ஒரே வளைவாக வருகின்றன, நான் தவறாக வரைந்துவிட்டேனா?" என்று கேட்டான்.

அவ்வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர் உண்டு என்பதை நான் அவனுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.