கிணற்றுக்கு மழைநீர்: சிறு விவசாயிகளுக்கு ஏற்ற நிலத்தடி நீர் செறிவூட்டல்

தமிழகத்தின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். இங்கு சிதைந்த பாறை அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். இப்போது மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், நீர் உள்ளே இறங்க நேரம் கிடைப்பதில்லை. ஆழ்துளைக் கிணறு போட வசதியில்லாமல், திறந்தவெளிக் கிணற்றை நம்பியிருக்கும் சிறு விவசாயிகளே முதலில் பாதிக்கப்படுகிறார்கள்.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர். அதில் கால் பங்கு வழிந்தோடினாலே 10,000 லிட்டர் சேகரிக்கலாம்.

அமைக்கும் முறை

* வயலில் நீர் வழிந்து வரும் தாழ்வான பக்கத்தில், கிணற்றிலிருந்து குறைந்தது 10 அடி தள்பி 6 அடி நீளம், அகலம், ஆழத்தில் வடிகட்டும் குழி எடுக்கவும்.
* அடியில் 2 அடிக்குக் கருங்கல், அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஜல்லி, மேலே ஒன்றரை அடிக்கு மணல் நிரப்பவும். மீதி 1 அடியைக் காலியாக விடவும்.
* குழிக்கு முன்பாக, வண்டல் படியச் சிறிய தொட்டி ஒன்று அவசியம்.
* கருங்கல் அடுக்கிலிருந்து கிணற்றுக்குச் சரிவாக 6 அங்குல பிவிசி குழாய் பதிக்கவும். குழிக்குள் இருக்கும் முனையில் வலை கட்டவும். கிணற்றுப் பக்க முனை சுவரைத் தாண்டி 1 அடி நீண்டிருந்தால் சுவர் அரிக்காது.

கவனிக்க வேண்டியவை

மாட்டுக்கொட்டகைக் கழிவு, சாக்கடை, மருந்து தெளித்த வயலின் நீர் ஆகியவற்றை உள்ளே விடக்கூடாது. குடிநீர்க் கிணற்றில் வயல் நீரைச் சேர்க்கவே வேண்டாம். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், மேல் மணலைக் கழுவியோ மாற்றியோ போடவும்.

ஊர் கூடினால்தான் பலன்

இறங்கிய நீர் உங்கள் வேலிக்குள் நிற்காது. பக்கத்தில் ஆழமாக இறைத்தால் அங்கே போய்விடும். மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜார் கிராமத்தில் மழையளவைக் கொண்டு ஊரே நீர்க் கணக்குப் போட்டுப் பயிரை முடிவு செய்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடவும் கரும்பு, வாழை பயிரிடவும் அங்கே தடை உண்டு. எனவே அக்கம்பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை, மோட்டார் ஓட்டும் முன் கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். தை மாத அளவைப் பார்த்து, கோடையில் நெல்லா, உளுந்தா, எள்ளா என்று முடிவு செய்யுங்கள். மண் வகைக்கேற்ற வடிவமைப்புக்கு உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம்.