திண்ணைப் பள்ளியும் மன்றோவின் கணக்கும்

ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னர் இந்நாட்டிற் கல்வியே இல்லை என்பாரும், எல்லாரும் கற்றிருந்தனர் என்பாரும் இன்றும் உளர். இவ்விரு கூற்றையும் ஒருங்கே ஆராய்தற்குரிய சான்று, சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியாளர் வாயிலாகத் தொகுப்பிக்கத் தொடங்கிய பள்ளிக் கணக்காகும்.

1826இல் அவர் வரைந்த குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்களிடையே பள்ளிகளும் கல்லூரி எனப்பட்டனவும் 12,498 இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். வீட்டிற் கற்றோரையும் கூட்டின், கல்வி பெற்ற ஆடவர் காற்பங்கினும் மூன்றிலொரு பங்கிற்கே அணித்தாவர் என அவர் கருதினார். ஆயின் இது மதிப்பீடேயன்றி எண்ணிக்கையன்று. பழம்பெருமை பேசுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்; பயின்றோருட் சிறுமியர் 4,540 பேரே என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை.

எனினும் திண்ணைப் பள்ளியை இகழ்தலும் பொருந்தாது. மணலில் எழுத்துப் பயிலலும், மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாய் இளையோர்க்குக் கற்பித்தலும் அதன் இயல்பு. சென்னையில் இவற்றையொட்டித் தாம் கண்ட முறையை ஆண்ட்ரு பெல் 1797இல் நூலாக வெளியிட, இங்கிலாந்தில் ஏழையர் பள்ளிகள் அதனை மேற்கொண்டன. கொடுத்த நாடோ அதனைப் பேணவில்லை. ஆசிரியர் திங்கள் வருவாய் 6, 7 ரூபாய்க்கு மேற்படுவது அரிது என மன்றோவே எழுதினார். அக்குறை தீர அரசு ஊதியத்தில் அவர் வகுத்த தாலுகாப் பள்ளிகள், அவர் 1827இல் மறைந்தபின் வளம் பெறாது, ஆங்கிலக் கல்விக்கே அரசின் பொருள் என்னும் 1835ஆம் ஆண்டுத் தீர்மானத்தையடுத்து, 1836இல் கைவிடப்பட்டன.