ஸ்ரற்றின் மருந்துகளின் வரலாறு: சமூக உழைப்பும் தனியுரிமையும்

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் கதையாக எழுதுவது நெடுங்கால வழக்கம். குருதியிற் கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வழக்கின் போதாமை தெளிவாகும்.

கொலஸ்திரோல் இயல்பிலேயே நச்சுப் பொருளன்று. கல மென்சவ்வுகளுக்கும் பித்த அமிலங்களுக்கும் ஓமோன்கள் சிலவற்றுக்கும் அது இன்றியமையாதது. அதன் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. குருதியில் மிகும்போதே நாடிச் சுவர்களிற் படிந்து ஊறு விளைக்கின்றது. முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி இப்படிவை 1913இல் எடுத்துக்காட்டியவர் உருசிய ஆய்வாளர் நிக்கொலாய் அனிச்கொவ். அறுபது ஆண்டுகளின் பின்னரே, ஈரலில் அதன் ஆக்கத்தைத் தடுக்கும் வழி புலனாயிற்று.

யப்பானின் சங்கியோ கம்பனியில் அக்கிரா எண்டோவும் அவர்தம் சகாக்களும் 1971 முதல் ஏறத்தாழ 6000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தனர். 1973இல் பெனிசிலியம் இனப் பங்கசு ஒன்றிலிருந்து கொம்பக்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். கொலஸ்திரோல் ஆக்கத்தின் முதன்மையான நொதியத்தை அது தடுத்தது. அக்காலத்திலேயே அமெரிக்காவிற் பிரவுண், கோல்ட்ஸ்ரைன் ஆகியோர், குருதியிலுள்ள கொலஸ்திரோலைக் கலங்கள் உள்வாங்கும் முறையை ஆராய்ந்தனர். ஈரலில் ஆக்கம் குறையின், அது குருதியிலிருந்து கூடுதலாக உள்வாங்கும் என்பது இவ்விரு ஆய்வுகளும் இணைந்தபோதே விளங்கியது.

1976இல் மேர்க் கம்பனி சங்கியோவுடன் ஒப்பந்தம் செய்து கொம்பக்ரின் பற்றிய தரவுகளைப் பெற்றது. பின்னர் வேறொரு பங்கசிலிருந்து லோவாஸ்ரற்றினைப் பிரித்தெடுத்தது. 1987இல் அமெரிக்காவில் அதுவே அனுமதி பெற்ற முதல் ஸ்ரற்றின் ஆயிற்று. கொம்பக்ரினோ சந்தைக்கு வரவேயில்லை.

இதய நோயாளர் 4444 பேர் பங்குகொண்ட ஸ்கந்திநேவிய ஆய்வு, சிம்வாஸ்ரற்றின் இறப்புக்களை ஏறத்தாழ 30 வீதம் குறைத்ததை 1994இல் நிறுவியது. ஆய்வுகூடத் தொழிலாளர் முதல் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்திய நோயாளர் வரை பலரது உழைப்பும் இவ்வறிவினுள் உறைந்துள்ளது. ஆயின் அதன் பயன் ஆக்கவுரிமை வேலிக்குள் அடைபட்டது. பைசர் கம்பனியின் லிப்பிற்றோர், சில ஆண்டுகளில் 1200 கோடி டொலருக்கு மேல் விற்பனையாயிற்று. 2011இல் அமெரிக்காவில் அதன் ஆக்கவுரிமை முடிந்த பின்னரே அங்கு மலிவான மாற்று மருந்துகள் சந்தைக்கு வந்தன.

பெருமுதலின்றி இத்தகைய பாரிய பரிசோதனைகள் அன்று நடந்திரா என்பதை மறுப்பது வரலாற்றுணர்வாகாது. மருந்தை மக்களிடம் கொணர்ந்த அதே உற்பத்தி உறவுகளே அதனைப் பலருக்கு எட்டாததாகவும் ஆக்கின. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாது எழுதப்படும் மருத்துவ வரலாறு, கம்பனிகளின் வரலாறாகவே எஞ்சும்.