கடல் கடந்து அண்ணாமலைநகருக்கு

சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே கோயில் ஊர்; தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலைநகர். 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு, 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் அங்கே உறைவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். இலங்கைத் தமிழர்களுக்கு அது எட்டும் தூரத்தில் இருந்தது. கொழும்பில் 1921இல் உருவான கல்லூரி லண்டன் தேர்வுகளுக்கே மாணவர்களைத் தயார் செய்தது; இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1942இல்தான். தமிழை முறையாகப் படிக்க விரும்பியவருக்குச் சிதம்பரமே கண்ணில் பட்டது. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்தர் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியரானார். ஊர்க்காவற்றுறைப் பக்கத்துத் தனிநாயகம் அடிகள் 1940களில் மாணவராக வந்தார்.

பயணம் எளிது: தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் ரயில். செலவுக் கணக்கும் சிக்கலில்லை. 1966 ஜூன் வரை இரு நாட்டு ரூபாயும் சம மதிப்பு. வீட்டிலிருந்து வந்த நூறு இங்கும் நூறுதான். தங்குமிடமும் மெஸ்ஸும் வளாகத்துக்குள்ளேயே இருந்ததால் வாடகை வீடு தேடும் அலைச்சலும் மிச்சம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அடுத்த ஒன்றரை ஆண்டில் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட, நாணயச் சமமும் போயிற்று.