உலாவி சேர்த்துவைத்ததும் நாம் அழித்ததும்

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வெளிவந்தபோது, வீடுகளுக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியேதான் வந்தது. நொடிக்கு 28.8 கிலோபிட் தரும் மோடம் அன்றைக்கு வேகமானது. அதிலும் 50 கிலோபைட் படம் ஒன்று இறங்கக் கால் நிமிடம் ஆகும். அதனால் ஒருமுறை வந்த படத்தை உலாவி வட்டிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக் காட்டியது. கேஷ் என்ற அந்தச் சேமிப்பு, காத்திருப்பைக் குறைக்கப் பிறந்தது.

அதை அழிக்க அன்றிருந்த பெரிய காரணம் இட நெருக்கடி. விண்டோஸ் 95இன் ஃபேட்16 என்ற கோப்புச் சேமிப்பு முறையில், ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டுப் பிரிவில் எந்தக் கோப்பும் குறைந்தது 32 கிலோபைட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கிலோபைட் அளவுள்ள பொத்தான் படத்துக்கும் அதே இடம்தான். இப்படி ஆயிரக்கணக்கான துணுக்குகள் சேர்ந்தன.

இன்னொரு தொல்லை, பழைய பக்கமே திரும்பத் திரும்ப வருவது. சேமித்தது எதுவரை செல்லும் என்று தளமே சொல்லும் வழியை 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 என்ற வலை நெறிமுறை ஆவணம் விவரித்தது. மறு ஆண்டு வந்த 1.1 அதை விரிவாக்கியது. தளங்கள் அதைச் சரியாகக் குறிப்பிடாத இடங்களில், "கேஷை கிளியர் பண்ணிப் பாருங்க" என்பதே தீர்வாக நிலைத்தது.

தமிழ்நாட்டில் பிரௌசிங் சென்டர்கள் பெருகிய காலத்தில் கவலை வேறு வடிவம் எடுத்தது. ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் அடுத்தவர் உட்காருவார். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் கோப்புறையில் முன்னவர் பார்த்த படங்களும் பக்கங்களும் கிடக்கும். எக்ஸ்புளோரர் 6இல் கோப்புகள், குக்கிகள், வரலாறு மூன்றையும் தனித்தனியாக அழிக்கவேண்டும். அவசரத்தில் ஒன்று விடுபட்டுப்போவது எளிது. 2006இல் வந்த 7ஆம் பதிப்பு மூன்றையும் ஒரே சாளரத்தில் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆப்பிளின் சஃபாரி, தடம் வைக்காத தனிப்பட்ட உலாவலைத் தந்திருந்தது.

அடுத்து வந்து உட்காருபவரைவிட ஆழமான ஆபத்தை 2000இலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் காட்டியிருந்தார்கள். ஒரு தளம், வேறொரு தளத்தின் படத்தை உங்கள் உலாவியைக் கொண்டே கேட்கவைத்து நேரத்தை அளக்கலாம். படம் சட்டென்று வந்தால் அது ஏற்கெனவே கேஷில் இருக்கிறது; நீங்கள் அந்தத் தளத்துக்குப் போயிருக்கிறீர்கள். வேகத்துக்காகச் சேர்த்ததே உளவு சொன்னது.

பொதுவான கேஷை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அறையாகப் பிரிப்பது இதற்கு மருந்து. சஃபாரி 2013இல் அதைத் தொடங்கியது. குரோம் 86 2020 அக்டோபரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 85 2021 ஜனவரியிலும் அதே வழிக்கு வந்தன. பத்துத் தளங்கள் ஒரே எழுத்துருவைப் பயன்படுத்தினால் இப்போது பத்து முறை இறக்கவேண்டும். வலையிலிருந்து இறங்கும் தரவு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று குரோம் குழு கணக்கிட்டது. அந்தரங்கத்துக்காக அந்தக் கூடுதல் செலவை ஏற்றுக்கொண்டது.